விளக்கறைக் கணக்கு

சோப்பில்தான் ஆரம்பித்தது.
பின்னால் யாராவது கேட்டால்
கொடி என்பார்கள், தேசம் என்பார்கள்.
எனக்குத் தெரிந்தது சோப்பு.
மாதத்துக்கு ஒரு கட்டி, அதில் பாதி களிமண்.
தேய்த்தால் நுரைக்குப் பதில் சேறு.
கரியோடு மேலேறிய ஆண்கள்
கரியோடே படுத்தார்கள்.
வடபிரான்சின் எங்கள் குடியிருப்பில்
ஒவ்வொரு தலையணை உறையிலும்
ஒரு கறுத்த முகம் பதிந்திருந்தது.

ஏழாம் எண் சுரங்கத்தின் விளக்கறை என் பொறுப்பு.
விடியுமுன் பித்தளை வில்லையை வாங்கிக்கொண்டு
விளக்கைத் தருவேன்.
மாலையில் விளக்கை வாங்கிக்கொண்டு
வில்லையைத் தருவேன்.
கொக்கியில் வில்லை மிச்சமிருந்தால்
அந்த எண்ணுக்குரியவர் இன்னும் பூமிக்கடியில்.
அவ்வளவுதான் கணக்கு.

ஜெர்மன்காரர்கள் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.
முன்பெல்லாம் சாப்பாட்டு டப்பாவைப் பலகையில் வைத்தால்
தொப்பென்று கேட்கும்.
இப்போது டங்கென்றது.
ஃப்ளோரிமோன் டப்பாவில் மாட்டுக்கிழங்கு, மூன்று துண்டு.
போலந்துக்காரன் ஸ்தாஷெக்
வெறும் டப்பாவையே தூக்கி வருவான்.
"இல்லாவிட்டால் தோள் ஒருபக்கமாகச் சாய்கிறது"
என்று சிரிப்பான்.
கரி ஏற்றிய ரயில் கிழக்கே போனது.
உருளைக்கிழங்கு ஏற்றிய ரயிலும் கிழக்கே போனது.
திரும்பி வந்தவை
கழுவாத பெட்டிகள்.

ஒரு செவ்வாய்க்கிழமை
யாரும் விளக்கு கேட்கவில்லை.
நானூற்றுப் பன்னிரண்டு விளக்குகள்,
திரி வெட்டி, கண்ணாடி துடைத்து,
நானும் அவையும் ஒருவரையொருவர் பார்த்தபடி
மணி ஆறாயிற்று, ஏழாயிற்று.
அந்த அறையில் அதுவரை நான்
உட்கார்ந்ததே இல்லை.

வாசலில் பெண்கள்.
ஃப்ளோரிமோனின் மனைவி லெயோகாடி
காலி வாணலியோடு முன்வரிசையில்.
நம் ஊர் போலீஸ்காரனையே கேட்டாள்:
"கால் கிலோ கொழுப்புக்கு வந்தேனப்பா.
உன் வீட்டு அடுப்பில் இன்று என்ன?"
அவன் தன் பூட்ஸைப் பார்த்தான்.
அவன் இடுப்புவாரில் புதிதாக இரண்டு துளைகள்,
ஆணியால் குத்தியவை.

சுவரில் இரண்டு மொழியில் அறிவிப்பு ஒட்டினார்கள்.
ஒட்டிய பசை மாவுப்பசை.
இரவோடிரவாக யாரோ
தாளை விட்டுவிட்டுப் பசையை மட்டும்
சுரண்டிப் போயிருந்தார்கள்.

எட்டாம் நாள் கம்பெனி குமாஸ்தா வந்தான்.
குரலைத் தாழ்த்தி,
"தொங்கும் விளக்குகளின் எண்களை எழுதி வை,
காலையில் வாங்கிக்கொள்கிறேன்" என்றான்.
வேலைக்கு வராதவர்களின் பட்டியல்.

அன்றிரவு விளக்குகளை இடம் மாற்றினேன்.
இருநூற்றுப் பதினான்கை முப்பத்தேழின் கொக்கியில்.
முப்பத்தேழை எண்பத்தெட்டின் கொக்கியில்.
எண்பத்தெட்டு,
மூன்று குளிர்காலத்துக்கு முன்
கூரை சரிந்து செத்தவனுடைய எண்.
விரல் நுனி வெடித்து ரத்தம் வந்தது.
பேய்களைத் தேடி அலையட்டும் என்று
கொஞ்சம் கர்வத்தோடுதான் தூங்கினேன்.

குமாஸ்தா வரவில்லை.
தேவைப்படவில்லை.
வீடுகள் கம்பெனியுடையவை அல்லவா,
வாடகைப் புத்தகத்தில்
பெயர், தெரு, கதவு எண்
எல்லாம் அழகான கையெழுத்தில் இருந்தது.
மூன்று மணிக்கு லாரிகள் வந்தன.
எங்கள் தெருவில் பதினொரு பேர்.
ஃப்ளோரிமோன் காலுறை தேடிக்கொண்டிருந்தானாம்.
ஒன்று கிடைத்தது.

பசி மறுபடி எல்லோரையும் கீழே இறக்கியது.
கொக்கிகளைச் சரிசெய்ய எனக்கு மனம் வரவில்லை.
ஸ்தாஷெக்குக்குச் செத்தவனுடைய விளக்கு வந்தது.
எண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
இடுப்பில் மாட்டிக்கொண்டு போனான்.

அடுத்த வாரம் அலுவலகத்தில் அறிவித்தார்கள்:
தலைக்கு இரண்டு கட்டி சோப்பு,
கட்டைவிரல் அளவு பன்றிக்கொழுப்பு.
கொண்டுபோனவர்களின் ரேஷன் அட்டை
மாதக் கடைசிவரை செல்லும் என்றார்கள்.
லெயோகாடி இரண்டு அட்டைகளோடு வரிசையில் நின்றாள்.
எனக்குப் பின்னால்தான் நின்றாள்.
ஒன்றும் பேசவில்லை, நானும்.

குழாயடியில் கட்டியை முகர்ந்தாள்.
நனைத்தாள், உள்ளங்கையில் உருட்டினாள்.
நுரை வந்தது.
வெள்ளை வெளேரென்று, முழங்கைவரை.
அவளுடைய சின்னவன் கைதட்டினான்.
வாளியைக் காலால் கவிழ்த்துவிட்டு
மறுபடியும்
குழாயைத் திறந்தாள்.